‘கல்யாணம் வேணாம்’ வேனில் ஏறிய தாய்மாமன்

செனாய் விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்து நின்ற வெள்ளை வேனின் பக்கவாட்டில், முழங்கை நீளச் சிவப்பு எழுத்தில் ‘கல்யாணம் வேணாம்’ என்று எழுதியிருந்தது. நான் ஜொகூருக்கு வந்ததே அந்த இரண்டு வார்த்தைகளை அழிக்கத்தான். அவையே என்னை வரவேற்க வாசல்வரை வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

நான் திண்டுக்கல்லில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவன். என் தங்கை தேன்மொழியின் மகள் கயல்விழி சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு முகுந்தனைப் பிடித்துப்போயிற்று. முகுந்தன் ஜொகூர்க்காரன், பெர்மாஸ் ஜெயாவில் வீடு, தினமும் எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவன். இருவரும் எங்கே, எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று நாங்கள் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. இரண்டு வீடும் போனில் பேசித் தை மாதம் கல்யாணம் என்று முடிவு செய்தோம். அதற்குப் பிறகுதான் தங்கை கைபேசியில் மாப்பிள்ளையின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். ஒரு படத்தில் முகுந்தன் கிட்டாரோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான். தலைக்கு மேலே பெரிதாக ‘கல்யாணம் வேணாம்’.

அது அவனும் நண்பர்களும் நடத்தும் இசைக்குழுவின் பெயர் என்று கயல் சொன்னாள். தங்கைக்குச் சமாதானமாகவில்லை. காரணம் உண்டு. நான்கு வருடங்களுக்கு முன் கயலுக்கு வேறோர் இடத்தில் நிச்சயமாகி, மண்டபம் பிடித்து, நானே பத்திரிகை அடித்துக்கொடுத்து, ஊரெல்லாம் வைத்து முடித்த பிறகு அந்தப் பையன் போன் செய்து ‘கல்யாணம் வேணாம்’ என்றான். போனை எடுத்தது தங்கை. அதே இரண்டு வார்த்தைகள். அதன் பிறகுதான் கயல் சிங்கப்பூருக்கு வேலை தேடிக்கொண்டு போனாள்.

“அண்ணே, நீ போய்ட்டு வா. ஒண்ணு அந்தப் பேரை மாத்தணும். இல்லேன்னா இந்தச் சம்பந்தம் நமக்கு ஆகாது” என்றாள் தங்கை. வெளியே சொல்லிக்கொள்ள ஒரு காரணம் வேண்டுமே. ஜொகூரில் வரவேற்புக்கு மண்டபம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வேனை ஓட்டி வந்தது முகுந்தனின் அம்மா சரோஜா. செனாயில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். இரவு வேலை முடிந்து, நீலச் சட்டையோடும் கழுத்தில் தொங்கும் அட்டையோடும் வந்திருந்தார்.

“வாங்கண்ணே. பசியாறிட்டீங்களா?”

காலை உணவுக்கு இங்கே பசியாறுதல் என்று பெயர். நான்கு நாட்களில் குறைந்தது பன்னிரண்டு பேர் என்னை அப்படிக் கேட்டார்கள். எங்கள் ஊரில் ‘டிபன் ஆச்சா’ என்று கேட்கிறவர்களின் முகம், ஆகவில்லை என்றால் என்ன செய்வது என்ற பயத்தில் இருக்கும். இங்கே கேட்டுவிட்டு நேராகக் கடைக்கு அழைத்துப்போய்விடுகிறார்கள்.

“முகுந்தன் வேலைக்குப் போயிட்டான். என் காடி வர்க்‌ஷாப்ல கெடக்கு. அதான் இவனுங்க வேன எடுத்துட்டு வந்தேன். நீங்க அந்த எழுத்தப் பாக்காதீங்க” என்றார் சரோஜா.

பார்க்காமல் ஏற முடியாது. கதவே ‘வேணாம்’ என்ற சொல்லில்தான் இருந்தது.

ஸ்கூடாய் பக்கம் வரும்போது சாலை முழுக்கக் கார்கள். வேன் இருமியது, இன்னொரு முறை இருமியது, சரோஜா அதை ஓரமாகத் திருப்பினார், அங்கேயே நின்றுவிட்டது. நின்ற இடம் ஒரு முருகன் கோயில் வாசல். வாசலில் வாழைமரம், தோரணம், மேளச்சத்தம். உள்ளே கல்யாணம்.

இரண்டு நிமிடத்தில் பட்டுவேட்டி கட்டிய ஒருவர் வேகமாக வந்தார். பெண்ணின் சித்தப்பா.

“அக்கா, கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்க லா. சொந்தக்காரங்க எறங்குறப்ப இதான் மொதல்ல கண்ணுல படுது.”

“வண்டி நின்னுபோச்சு தம்பி. மெக்கானிக் வர்றான்.”

“அலமாக்” என்று அவர் தலையில் கைவைத்தார். “மாப்பிள்ளையோட பாட்டி வேற வந்துக்கிட்டிருக்காங்க. அவங்களுக்கு நல்லாத் தமிழ் படிக்கத் தெரியும்.”

தள்ளிப் பார்த்தோம். பின்னால் நின்ற கார்கள் இடம் கொடுக்கவில்லை. மூட ஒரு துணி கேட்டார். வேனில் ஒலிபெருக்கியும் ஒயரும்தான் இருந்தன. கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கதவின் கைப்பிடியில் விரித்துத் தொங்கவிட்டேன். ‘ணாம்’ மறைந்தது. மிச்சமிருந்த ‘வே’யின் முன்னால் நானே போய் நின்றேன். வேன் இப்போது ‘கல்யாணம்’ என்று மட்டும் சொன்னது.

வேட்டி சட்டை, நெற்றியில் திருநீறு, அசையாமல் வாசலில் நிற்கும் ஆள். இறங்கி வந்தவர்களெல்லாம் என்னைக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். சிலர் நலம் விசாரித்தார்கள். ஒரு பெண்மணி நான் இளைத்துவிட்டதாக வருத்தப்பட்டார். ஒரு பெரியவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்று, “நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?” என்றார்.

“வேன் வீடுங்க” என்றேன்.

அவர் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். முக்கால் மணி நேரம் அப்படி நின்றேன். மெக்கானிக் வந்து சேரும்போது தாலி கட்டி முடிந்திருந்தது. பெண்ணின் சித்தப்பா என் கையைப் பிடித்து இழுத்துப்போய் முதல் பந்தியில் உட்காரவைத்தார். ஜொகூரில் என் முதல் சாப்பாடு பெயர் தெரியாத ஒருவர் கல்யாணத்தில், கத்தரிக்காய்ப் பச்சடியும் பாயசமும். பாயசத்தில் கையை வைத்தபோது, எந்தப் பெயரை ஒழிக்க வந்தேனோ அதை மறைத்து நின்று சம்பாதித்த சாப்பாடு இது என்று தோன்றியது.

அன்று மாலை முகுந்தன் என்னைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போனான். பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவன் முகத்தில் எரிச்சலே இல்லை. தினமும் அப்படித்தானாம். கடை முதலாளி இராமநாதபுரத்துக்காரர், காதர் என்று பெயர், இங்கே வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. நான் டீ கேட்டேன். கட்டிப்பால் ஊற்றி, ஒரு முழ உயரத்திலிருந்து இழுத்து ஆற்றி, நுரையோடு வந்தது. ஒரு வாய் குடித்ததும் பல் வரைக்கும் இனித்தது. சர்க்கரை வேண்டாம் என்றால் ‘கோசோங்’ என்று சொல்ல வேண்டுமாம். அதைக் கற்றுக்கொள்வதற்குள் மூன்று டீ குடித்திருந்தேன்.

காதர் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். “இந்த ஊர்ல பாட்டுக் குழு வச்சிருக்கிற எல்லாப் பயலும் இங்க உக்காந்துதான் பேரு வச்சானுங்க அண்ணே. அந்த மேசையில மூணு பேரு ஒரு ரொட்டி வாங்கிப் பிச்சிக்கிட்டு ராத்திரி பூரா பேசுனானுங்க. பாதிய மிச்சம் வச்சிட்டுப் போனானுங்க. மறுநாள் குழுப் பேரு ‘பாதி ரொட்டி’. இன்னொருத்தன் இருந்தான், எப்பப் பேச்சு சூடானாலும் போன் வரும், எந்திரிச்சு ஓடுவான். அவன் குழு ‘அம்மா கூப்பிடுறாங்க’.”

“நல்ல பேரா ஒண்ணுமே வைக்கலையா?”

“அதான் எனக்கும் வருத்தம். இவ்வளவு டீ ஆத்துறேன், என் கடைப் பேர ஒருத்தன் வைக்கலியே.”

எங்கள் ஊரில் இன்னிசைக் குழுவுக்குப் பெயர் வைப்பதில் சிக்கலே கிடையாது. குலசாமியின் பெயரை எழுதிப் பக்கத்தில் ‘மெலடீஸ்’ என்று சேர்த்தால் தீர்ந்தது. கருப்பசாமி மெலடீஸ், முத்தாலம்மன் மெலடீஸ். அரிவாளோடு நிற்கும் சாமிக்கும் மெலடிக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்டதில்லை.

முகுந்தனின் சட்டை முதுகிலும் ‘கல்யாணம் வேணாம்’. பக்கத்து மேசையில் மனைவியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் அதைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். முகுந்தன் மலாயில் சொன்னான். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார். அவர் மனைவி தலையைத் தூக்காமலே ஒரு வார்த்தை சொன்னாள். கடையே சிரித்தது. முகுந்தன் எனக்கு மொழிபெயர்த்தான்: “பத்து வருஷத்துக்கு முன்னாடி இத யாராச்சும் எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதான்னு கேக்குறாரு மாமா. அந்தக்கா, ‘எனக்கும்’ங்குறாங்க.”

சிரிப்போடு சிரிப்பாக விஷயத்தை எடுத்தேன். மண்டபக் கதையை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்தான்.

“அந்தப் பழைய கதை எனக்குத் தெரியும் மாமா. அத்தைக்குக் கஷ்டமா இருக்கும்னும் தெரியும். ஆனா குழு எனக்கு மட்டும் சொந்தமில்ல, நாலு பேரும் ஒத்துக்கணும். நாளைக்குப் பிராக்டீஸுக்கு வாங்க.” பிறகு கேட்டான். “கயல்கிட்ட பேசினீங்களா?”

“அவகிட்ட என்னப்பா பேசுறது. இது பெரியவங்க சமாச்சாரம்” என்றேன். அவன் ரொட்டியைக் குழம்பில் தோய்த்தான்.

சனிக்கிழமை காலை பெர்மாஸ் ஜெயாவில், டயர் கடைக்கு மேல்மாடியில், நால்வரையும் சந்தித்தேன். முகுந்தனைத் தவிர மற்ற மூவருக்கும் கல்யாணமாகிவிட்டது. டிரம் அடிக்கிறவருக்கு இரட்டைக் குழந்தைகள். ஒன்று அவர் மடியில் உட்கார்ந்து குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தது. பிரான்சிஸ் என்பவர்தான் அவர்களில் வாய்க்காரர்.

“எட்டு வருஷத்துக்கு முன்ன நாலு பேருமே பேச்சிலர் அண்ணே. வீட்டுல பொண்ணு பாக்கப் போறோம்னு சொன்னாப் போதும், பிராக்டீஸ் இருக்குன்னு இங்க ஓடியாந்துருவோம். அதான் இந்தப் பேரு” என்றார். “பேரு வச்ச ஒம்பதாவது மாசம் எனக்குக் கல்யாணம்.”

“அப்ப பேர மாத்திருக்கலாமே.”

“அதுக்குள்ள வேனுக்குப் பெயின்ட் அடிச்சிட்டோம்.”

மூன்று பேர் கல்யாணத்திலும் இவர்களே வாசித்தார்களாம். மூன்றிலும் மணமக்களுக்குப் பின்னால் ‘கல்யாணம் வேணாம்’ பேனர் தொங்கியிருக்கிறது. பிரான்சிஸின் அம்மா இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் அந்தப் படங்கள் ஊரெல்லாம் சுற்றி, அன்றுமுதல் இவர்களை அதிகமாகக் கூப்பிடுவதே கல்யாண வீடுகள்தான்.

நான் விமானத்தில் யோசித்து எழுதிவைத்திருந்த தாளை எடுத்தேன். மங்கள மெலடீஸ், சுபமுகூர்த்தம், மணமாலை, இன்னும் எட்டு. ஒவ்வொன்றாக வாசித்தேன். மரியாதையாகக் கேட்டார்கள்.

“தப்பா நெனைக்காதீங்கண்ணே. எல்லாம் பத்திரிக அடிக்கிற கடைப் பேரு மாதிரி இருக்கு லா” என்றார் பிரான்சிஸ். என் தொழில் அவருக்குத் தெரியாது. முகுந்தன் குனிந்து கிட்டாரின் கம்பியைத் திருகினான். நானும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

பிறகு என் மூளையில் ஒரு மின்னல். ஓர் எழுத்து மாற்றினால் போதுமே. “‘வேணாம்’ங்கிறத ‘வேணும்’னு மாத்திட்டா? கல்யாணம் வேணும்.”

டிரம்காரர் முதல்முறையாகப் பேசினார். “அண்ணே, நாங்க மூணு பேரு கல்யாணமானவங்க. முதுகுல ‘கல்யாணம் வேணும்’னு போட்டுக்கிட்டு மேடையேறுனா அன்னிக்குச் சாயந்திரம் எவனுக்கும் வீட்டுல சோறு கெடைக்காது.”

அவர் மடியிலிருந்த குழந்தை குச்சியால் ஒரு தட்டு தட்டியது. தீர்மானம் தோற்றது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூடாயில் ஒரு மண்டபத்தில் ஒன்பது குழுக்கள் சேர்ந்து நிகழ்ச்சி நடத்துவதாக இருந்தது. அதற்குப் பிறகு பேசி முடிவெடுக்கலாம் என்றார்கள். அதை ஏற்பாடு செய்த லெட்சுமி டீச்சர் அந்தச் சனிக்கிழமை மாலையே சரோஜா வீட்டுக்கு வந்தார். அறிவிப்பாளருக்குச் சிங்கப்பூரில் திடீரென வேலை வந்துவிட்டதாம். “நீங்க ஊர்லேருந்து வந்திருக்கீங்க. நல்ல தமிழ் பேசுவீங்க. பேர மட்டும் வாசிச்சாப் போதும்” என்றார். பேர மட்டும் என்றதில் இருந்த ஆபத்து எனக்குத் தெரியவில்லை. நல்ல தமிழ் என்றதும் சம்மதித்துவிட்டேன்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு மேடை ஏறினேன். நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. பட்டியலில் முதல் பெயர் ‘செனாய் நாயனம்’. இது நமக்குத் தெரிந்த சங்கதி என்று தைரியம் வந்து, மங்கல வாத்தியத்தின் பெருமையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். திரை விலகியது. நான்கு மின்சாரக் கிட்டார்கள், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் அணிந்த நான்கு பேர். நால்வரும் செனாய்க்காரர்கள். நாயனம் யாரிடமும் இல்லை.

இரண்டாவதாக, “அடுத்து, சத்தம் போடாதீங்க” என்றேன். மண்டபம் கப்பென்று அடங்கியது. ஓர் அம்மா குழந்தையின் வாயைப் பொத்தினார். ‘சத்தம் போடாதீங்க’ குழுவினர் அந்த மயான அமைதியில் மேடையேறி, ஒரு கைதட்டல்கூட இல்லாமல் வாத்தியங்களை மாட்டிக்கொண்டார்கள். அண்டை வீட்டுக்காரர் தினமும் கத்தியதையே பெயராக வைத்தார்களாம்.

மூன்றாவது, ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்க’. முன்வரிசை நாற்காலிகளை எடுத்துக்கொண்டு பின்னால் போயிற்று.

நான்காவது, ‘போன மாசம் ஆறு பேர்’. மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று ஒலிவாங்கியிலேயே கேட்டுவிட்டேன். “ரெண்டு பேருக்கு ஷிப்ட் அங்கிள். ஒருத்தன் சண்ட போட்டுட்டுப் போய் வேற குழு ஆரம்பிச்சிட்டான்.” அந்தக் குழுவின் பெயர்? “‘நல்லவேளை’.”

அடுத்த தாளைத் திருப்பினேன். ஐந்தாவது குழுவின் பெயர் ‘இடைவேளை’.

மூன்று பெண்கள், ஒரு வயலின், இரண்டு தபலா. நடுவில் நின்ற பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பரவால்ல அங்கிள், எங்களுக்குப் பழக்கம்தான். எல்லாரும் சாப்பிட்டுட்டு வர்றப்ப நாங்க கடைசிப் பாட்டுல இருப்போம்” என்றாள். கல்லூரி விழாவில் முதன்முதலாக இடைவேளையில் வாசிக்க விட்டார்களாம். அந்தப் பெருமையில் வைத்த பெயர். மூன்று வருடமாக நிறைந்த மண்டபத்தில் இவர்கள் வாசித்ததில்லை.

நான் கவனமாகத்தான் சொன்னேன். “அடுத்து வரும் இசைக்குழு, இடைவேளை.” முதல் மூன்று சொல் யார் காதிலும் விழவில்லை. மண்டபம் முழுக்க எழுந்து, பின்னால் மீகூன் என்கிற அரிசிச் சேமியாவும் வடையும் வைத்திருந்த மேசையை நோக்கி நடந்தது. வயலின்காரி பெருமூச்சு விட்டு வில்லை எடுத்தாள்.

ஒலிவாங்கியை வாய்க்கு அருகில் கொண்டுவந்தேன். “ஓர் அறிவிப்பு. வெளியே நிற்கும் வெள்ளை நிறக் காரை யாரோ இடித்துவிட்டார்கள். கார் யாருடையது என்று இப்போது சொல்வேன். எல்லோரும் உட்காருங்கள்.”

ஜொகூரில் பாதிக் கார்கள் வெள்ளை நிறம். வடையோடு ஓடி வந்து உட்கார்ந்தார்கள். “காருக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தக் குழுவின் பெயர்தான் இடைவேளை. இடைவேளை இப்போது இல்லை” என்றேன். சிலர் திட்டினார்கள். ஆனால் அதற்குள் வயலின் தொடங்கிவிட்டது. தொடங்கியபின் யாரும் எழவில்லை. முடிந்து கைதட்டல் வந்தபோது அந்தப் பெண் கும்பிட மறந்து அப்படியே நின்றாள். பேரை மாற்றச் சொல்லி ஒரு வார்த்தை அவளிடம் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். சொல்லவில்லை.

ஆறாவது ‘கல்யாணம் வேணாம்’. தங்கை அந்தக் குழுவைத் தன் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்று காலையிலிருந்து போன் செய்துகொண்டிருந்தாள். வீடியோவில் அவளை வரவழைத்து, கைபேசியை முன்வரிசையில் இருந்த சரோஜாவிடம் கொடுத்தேன். கயலும் வருவதாக இருந்தது. பேருந்து பாலத்தில் நிற்பதாகத் தகவல் வந்திருந்தது. இந்த நேரத்தில் நான் நாலு நல்ல வார்த்தை பேசினால் தங்கையின் மனம் இளகும் என்று நம்பினேன்.

“என் மருமகள் கயல்விழியைக் கட்டப்போகும் முகுந்தன் இங்கே நிற்கிறார். என் தங்கை அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் இந்தச் சபைக்கும் சேர்த்து ஒன்றைச் சொல்கிறேன். கல்யாணம் வேணாம்” என்று நிறுத்தினேன். “என்பது வெறும் பெயர்தான்” என்று அடுத்த வரி. ஆனால் நிறுத்திய இடத்திலேயே மண்டபம் கைதட்டி விசிலடித்தது. அதே நொடியில் தொடர்பு அறுந்தது.

திண்டுக்கல்லில் என் தங்கை கேட்டது இவ்வளவுதான்: அவள் சொந்த அண்ணன் மேடையேறி, மாப்பிள்ளை முன்னிலையில், கல்யாணம் வேணாம் என்கிறான். ஊரே கைதட்டுகிறது.

முதல் பாட்டு முடிவதற்குள் சரோஜா கைபேசியோடு மேடை ஓரத்துக்கு ஓடி வந்தார். “அண்ணே, அவங்க திரும்பக் கூப்பிட்டு அழுவுறாங்க. நான் சொல்றது ஒண்ணும் அவங்க காதுல ஏறல.”

வடை மேசை பக்கம் ஒதுங்கினோம். அங்கே கயல் அப்போதுதான் வந்து நின்றாள், தோளில் பை, மூன்று மணி நேரப் பேருந்துக் களைப்பு. அவள் கைபேசியில் அம்மாவின் பதினான்கு அழைப்புகள். பாட்டை முடித்துவிட்டு முகுந்தன் கிட்டாரைக் கழற்றாமலே ஓடி வந்தான், பின்னால் பிரான்சிஸ். என் போனை மேசைமேல் சாம்பார் வாளியில் சாய்த்து வைத்தோம்.

“கயலு, மாமாவே சொல்லிட்டாரு. போதும்டி. ஊருக்கு வந்துரு” என்றாள் தங்கை. அழுது முகம் வீங்கியிருந்தது. அவளை அப்படி நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். என் விளையாட்டுப் பேச்சின்மேல் எனக்கே வெறுப்பு வந்தது. நடந்ததைச் சொன்னேன். பாதிதான் அவளுக்கு எட்டியது.

முகுந்தன் போனின் முன்னால் குனிந்தான். “அத்தை, நான் பேர மாத்திடறேன். இன்னிக்கே.” பிரான்சிஸைத் திரும்பிப் பார்த்தான்.

“மாத்திடலாம்க்கா. வேன நானே தேய்க்கிறேன்” என்றார் பிரான்சிஸ். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“எட்டு வருஷமா நான் தொண்ட கிழியச் சொன்னேன், கேட்டானுங்களா” என்றார் சரோஜா.

அப்படியாக, வந்த காரியம் முடிந்தது. எனக்கு மூச்சு வந்தது.

“ஒரு நிமிஷம்” என்றாள் கயல். “என்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?”

போன் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, அவன் போன் பண்ணதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நான் ஒரு கல்யாணத்துக்கும் போகல. எங்க ஆபீஸ் பொண்ணு ஒருத்தி கல்யாணத்துக்கு இந்த ஊருக்கு இழுத்துட்டு வந்தாங்க. கடைசி வரிசையில, எப்படா கிளம்பலாம்னு உக்காந்திருந்தேன். தலையத் தூக்குனா, மேடையில பொண்ணு மாப்பிள்ளைக்கு மேல அந்த ரெண்டு வார்த்தை, கலர் லைட் போட்டு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சும்மா. நிறுத்தவே முடியல. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. இவர்தான் எறங்கி வந்து தண்ணி வேணுமான்னு கேட்டார்.” பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். “எனக்கு அந்த வார்த்தைய நினைச்சா இப்ப அந்தப் போன் ஞாபகம் வர்றதில்ல. அதனால சொல்றேன். பேர மாத்தினா எனக்குக் கல்யாணம் வேணாம்.”

மண்டபத்துக்குள் அடுத்த குழு தானாகவே ஏறித் தானாகவே வாசிக்க ஆரம்பித்திருந்தது. தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“அண்ணே, போனைக் கொஞ்சம் மாப்பிள்ளை பக்கம் திருப்பு” என்றாள்.

திருப்பினேன். முகுந்தன் நேராக நின்றான்.

“என்ன இப்படி எளச்சுப் போயிருக்காரு? போட்டோல நல்லாத்தானே இருந்தாரு. அங்க சோறு போடுறாங்களா இல்லையா?”

சரோஜா வாளியில் சாய்ந்திருந்த போனை வெடுக்கென்று எடுத்தார். “சம்பந்தி, நான் ஷிப்டு முடிச்சு வந்து நிக்கக்கூட இல்லாம ஆக்கிப் போடுறேன். அவன் திங்கிறதில்லேன்னா நான் என்ன செய்யறது?”

“புள்ளைங்க திங்கலேன்னா நாமதான் பாத்து வைக்கணும் சம்பந்தி.”

“ஓ. அப்படிங்களா.”

இரண்டு குரல்களும் மெல்ல உயர்ந்தன. முகுந்தன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். இருபத்தேழு வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன் என்ற முறையில் அவன் தோளைத் தட்டிச் சொன்னேன், சம்பந்திகள் சண்டை தொடங்கிவிட்டது, இனி தேதியைத் தள்ளிப்போட யாராலும் முடியாது என்று. பிறகு ஒரு வடையை எடுத்துக்கொண்டு, ஏழாவது குழுவின் பெயர் என்னவென்று விசாரிக்க மேடைப் பக்கம் போனேன்.